எந்தத் தண்ணீரில் விளைந்த கீரை?

என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், கொழுப்பு கொஞ்சம் அதிகம், இனிமேல் கீரையும் காயுமாகச் சாப்பிடுங்கள் என்றார். எனக்குக் கொழுப்பு அதிகம் என்பதை என் மனைவி துளசிமணி கல்யாணமான மறுவாரமே கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு ஊசிகூடத் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலமே பிரகடனம் செய்தேன். எந்தக் காட்டில், எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று தெரியாமல் இனி ஒரு கொத்தமல்லித் தழைகூட இந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது.

இது எனக்குத் தொழிலில் தொற்றிய வியாதி. திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். எங்களிடம் டி-ஷர்ட் வாங்கும் ஜெர்மனிக்காரர் வந்தால், பருத்தி எந்த ஊர், பட்டன் யார் செய்தது, தைக்கிற பெண்ணுக்கு வயது என்ன என்று கேட்டே துளைத்துவிடுவார். வருஷக்கணக்கில் பதில் சொல்லியே நொந்தவனுக்கு, நாமும் யாரையாவது கேட்டுப் பார்க்கலாமே என்ற ஆசை இருக்காதா?

முதலில் மாட்டியவர் நெருப்பெரிச்சல் பகுதியில் எங்கள் வீதிக்கு வரும் காய் வண்டிக்காரர். முட்டைக்கோசின் பூர்வீகம், அடித்த மருந்து, பறித்தவருக்குக் கொடுத்த கூலி எல்லாம் விசாரித்தேன். மனிதர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். பிறகு பக்கத்து வீதி வழியாகப் போக ஆரம்பித்துவிட்டார். எங்கள் வீதிப் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே நடந்தார்கள். நடக்கும்போது என் வாசலை ஒரு பார்வை பார்த்தார்கள்.

துளசிமணி மட்டும் சண்டைக்கு வரவில்லை. அவள் சண்டை போட்டால் நான் பயப்பட மாட்டேன். ஒத்துக்கொண்டால்தான் பயம். இந்தத் தடவை ஒத்துக்கொண்டது மட்டுமில்லை, பாராட்டவும் செய்தாள். ஓடையோரத்தில் கீரை போடுகிற தன் சித்தி மகள் மாரக்காளின் காட்டுக்கே நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை போவோம் என்றேன். இல்லை, புதன்கிழமைதான் நல்ல நாள் என்றாள். நாளில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். நாளில்தான் எல்லாம் இருந்தது.

போனதும் இலை போட்டுவிட்டார்கள். ராகிக் களி, கீரைக் கடைசல், கெட்டித் தயிர். கடைசலை மட்டும் மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டேன். உடம்பிலிருந்த கொழுப்பெல்லாம் அழுதுகொண்டே மூட்டை கட்டுவது போலிருந்தது. கடைசி வாய்க்குத்தான் என் கொள்கை ஞாபகம் வந்தது. இது எந்தத் தண்ணீர்க் கீரை என்று மாரக்காளிடம் கேட்டேன். அவள் துளசிமணியைப் பார்த்தாள்.

"கை கழுவிட்டு வாங்க, காட்டையே பாத்துட்டு வரலாம்" என்றாள் துளசிமணி.

காட்டில் கீரை இல்லை. சீமைக்கருவேலம் இருந்தது. மண்மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஓரமாக ஓடை, நுரை தள்ளிக்கொண்டு, கத்திரிப்பூ நிறத்தில் போனது.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஊர் ஜனம் சாப்பிடுகிற சோற்றில் சாயத்தைக் கலக்கிற பாவி யார், அவனுக்குக் குழந்தை குட்டி இல்லையா, அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லையா என்று நிற்காமல் பேசினேன். ஜெர்மனிக்காரர்கூட அப்படிப் பேசியதில்லை. மாரக்காள் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது துளசிமணி கேட்டாள்: "ஏனுங்க, இந்தக் கலரை எங்கியோ பாத்த மாதிரி இல்லீங்களா?"

எங்கேயோ என்ன? என் மேஜைமேல் சாம்பிள் துணியாகக் கிடக்கிறதே. சிவப்புத் தூக்கல், நீலம் மட்டு என்று சாயப்பட்டறைக்குத் திருப்பித் திருப்பி அனுப்பி, அந்த வாரம்தான் ஓகே சொல்லியிருந்தேன். உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத கத்திரிப்பூ. ஓடையில் ஷேடு கச்சிதமாக வந்திருந்தது.

என் சாயம் வெளுத்ததும் கை தானாக வயிற்றுக்குப் போனது. அப்படியானால் நான் சாப்பிட்ட கீரை?

"பயப்படாதீங்க மச்சான். அது குன்னத்தூர்ல கிணத்துத் தண்ணியில வெளைஞ்சதுங்க. அக்காதான் வாங்கி அனுப்புச்சு" என்றாள் மாரக்காள். "இங்க கீரை வெளைஞ்சு ரொம்ப வருஷமாச்சுங்க. நான் இப்பப் பனியன் கம்பெனில நூல் பிசிறு வெட்டப் போறனுங்க. நீங்க வர்றீங்கன்னு இன்னைக்கு லீவு."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் நானே பேசினேன். அந்தப் பட்டறையில்தான் ரேட் குறைவு, எல்லோரும் அங்கேதான் துணியைப் போடுகிறார்கள், நான் ஒருத்தன் மாறி என்ன ஆகப்போகிறது என்றேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலீங்களே" என்றாள் பின்னாலிருந்து. "எந்தத் தண்ணியில வந்ததுன்னு தெரியாம ஊட்டுக்குள்ள எதும் வரக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. காசும் ஊட்டுக்குள்ளதானுங்க வருது."

மறுநாள் காலையில் நேராகச் சாயப்பட்டறைக்குப் போனேன். முதலாளி கிட்டுசாமியிடம் பேச வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். மனசுக்குள் எனக்கு நானே ஒரு மாலையும் போட்டுக்கொண்டேன். பட்டறை முற்றத்தில் பெரிய எந்திரம் ஒன்று குழி தோண்டிக்கொண்டிருந்தது. கிட்டுசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குழியையே பார்த்து நின்றார்.

ஆரம்பித்தேன். இனிமேல் தண்ணீரைச் சுத்தம் பண்ணாமல் ஓடையில் விடக் கூடாது. விட்டால் என் ஆர்டர் கிடையாது. சுத்தம் பண்ணினால் ரேட்டைக் கூட்டித் தருகிறேன், ஜெர்மனிக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ரேட் என்றதும் கிட்டுசாமி திரும்பினார். கூட்டித் தருவது நிச்சயம்தானா என்று கேட்டார். நிச்சயம் என்று சத்தியமே பண்ணினேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. சுத்திகரிப்புத் தொட்டிக்குத்தான் குழி, நேற்று, புதன்கிழமை, உங்கள் கத்திரிப்பூவோடு சாயம் போடுவதை நிறுத்திவிட்டேன், தொட்டி முடிந்த பிறகுதான் பட்டறை ஓடும் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொல்வதற்கு முன்பே எப்படி என்று கேட்டேன்.

நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார்.

"போன மாசம் எங்க ஊட்டம்மாவும் உங்க ஊட்டம்மாவும் என்னையும் அந்த ஓடைக் காட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க" என்றார். "கடைசல் நல்லா இருந்துச்சுங்களா?"