மூன்றாம் சில்லின் சொந்தக்காரன்

மோட்டார்சைக்கிளின் பின் சீற்றில் ஏறுவதைவிடச் சுடலைக் கட்டையில் ஏறலாம். இது யோகலிங்கத்தின் சபதம்.

துறைமுகத்தில் முப்பது வருடம் வெல்டிங் செய்த மனுசன். பென்சன் வந்தது, முழங்கால் போனது. மோட்டார்சைக்கிளை நிறுத்தினால் கால் ஊன்ற ஏலாது. கடற்கரை வளைவில் இரண்டு தரம் விழுந்தார். இரண்டாந்தரம் மீன்காரிக்கு முன்னால்.

"இன்னொருக்கா விழுந்தா மோட்டச்சைக்கிளை விப்பன்," என்றாள் மனைவி அன்னலட்சுமி. "இல்லாட்டி நான் பழகிறன். நீங்கள் பின்னுக்கு இருங்கோ."

"நீயோ? தையல் மிசினை மிதி, போ."

அவள் மோட்டார்சைக்கிளை ஒருக்கால் சுற்றிவந்து பார்த்தாள். யோகலிங்கம் கவனிக்கவில்லை.

லிங்கநகர் வீட்டு முற்றத்தில் வெல்டிங் நெருப்புப் பறந்தது; யோகலிங்கம் மோட்டார்சைக்கிளுக்கு மூன்றாவது சக்கரம் பூட்டினார். முன்னுக்கு இரண்டு சில்லு, பின்னுக்கு ஒன்று. முன்சில்லுகளுக்கு நடுவில் மூட்டு வைத்த இரும்புக் கைகள். வளைவில் வண்டி ஆளோடு சேர்ந்து சரியும், தானே நிமிரும். நிறுத்தினால் ஒரு கொளுக்கி மாட்டவேண்டும். மாட்டாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அவ்வளவுதான்.

மேலதிகச் சில்லைப் பழைய சாமான் விற்கிற ஸைனுலாப்தீன் நானா கொண்டுவந்து கொடுத்தார்.

"ஆரின்ரை சில்லு, நானா?" என்று கேட்டார் யோகலிங்கம்.

"புல்மோட்டையில ஒரு மீன்காரன்ட. கடலுக்குப் போனவன். வரல்ல."

அன்னலட்சுமி அகப்பையோடு குசினி வாசலில் நின்றாள். "செத்தவன்ரை சில்லு! ஒரு தேசிக்காயாவது கீழை வைச்சு ஏத்துங்கோ."

"தேசிக்காயைப் பிழிஞ்சு சீனி போட்டுத் தா. குடிக்கிறன்."

ஞாயிறு ஓடிப் பார்த்தார். வண்டி சரிந்தது. நிமிர்ந்தது. விழவில்லை. மீன்காரி பார்த்தாள்.

திங்கள் மத்தியானம். காற்றே இல்லை. காகங்கள்கூடக் கத்தவில்லை. சாப்பிட்டுப் படுத்து எழும்பி வந்தார். கொளுக்கி கழன்று கிடந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றது, ஆரோ ஒருவர் ஒற்றைக்கால் ஊன்றி இருக்கிற மாதிரி. செத்தவன் சில்லில் ஈர மணல்.

"அன்னம், இதை ஆர் தொட்டது?"

"நான் குசினிக்குள்ளை நிண்டனான்." மணலைக் குனிந்து பார்த்தாள். குரல் இறங்கியது. "உச்சி நேரமப்பா. கடலிலை போனவைக்கும் வீட்டை வர ஆசை இருக்கும்தானே."

"விசர்க்கதை கதையாதை!"

செவ்வாய்க்கிழமை வண்டியைச் சுவரைப் பார்க்க விட்டார். எழும்பி வந்தபோது அது வாசலைப் பார்த்து நின்றது. புதன் வண்டித் திறப்பைச் சாவி வளையத்தோடு தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்தார். எழும்பி இஞ்சினைத் தொட்டார். விரல் சுட்டது.

வியாழன் படுத்தார், நித்திரை கொள்ளவில்லை. யன்னல் சீலை இடுக்கால் பார்த்தார். துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அது ஓய முந்தி இஞ்சின் உறுமியது. திறப்பு அவர் உள்ளங்கையில் இருந்தது.

வண்டி வெய்யிலுக்குள் இறங்கியது. மேலே ஒரு வெள்ளை. தலையில்லை, முகமில்லை. இடம் சரிந்தது. வலம் சரிந்தது. படலையைத் தாண்டித் தெருவில் மறைந்தது.

"அன்னம்!"

குசினியில் றேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. அவள் இல்லை.

பேய் பெண்சாதியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது! நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நொண்டி நொண்டிப் படலைக்கு வந்தார். சாமிகளையெல்லாம் கூப்பிட்டார். தேசிக்காய்க் கதைக்கு மன்னிப்பும் கேட்டார்.

அரை மணித்தியாலத்தில் வெள்ளை திரும்பி வந்தது. வளைந்து, சரிந்து, அவர் காலடியில் நின்றது. போர்த்திருந்த படுக்கை விரிப்பை விலக்கினாள் அன்னலட்சுமி. கையில் மீன் பை.

"சரியான வெய்யில். என்னப்பா, முகமெல்லாம் திருநீறு?"

"நீயோ! திறப்பு?"

"வாங்கேக்கை இரண்டு திறப்புத் தந்தவங்கள். மறந்திட்டியளே?"

"விழேல்லையோ?"

"விழாமல்தானே செய்து வைச்சிருக்கிறியள்."

யோகலிங்கத்துக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. "காணும் உன்ரை கூத்து! பேயுமில்லை, பிசாசுமில்லை. நாளைக்கு நான்தான் ஓடுறன்."

"ஓடுங்கோ." இறங்கி நடந்தவள் குசினி வாசலில் திரும்பினாள். "ஆனா, நான் எடுத்தது செவ்வாய்க்கிழமையிலை இருந்துதான். திங்கட்கிழமை ஆரெண்டு எனக்குத் தெரியாது."

அவள் கொளுக்கி மாட்டியிருக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, வண்டி மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

வெள்ளிக்கிழமை அன்னலட்சுமி காளி கோயிலுக்கு வண்டி ஓட்டினாள்; பின் சீற்றில் யோகலிங்கம், மடியில் ஒரு பை தேசிக்காய்.