தோற்கத் தெரியாத ஏழு பேர்

அனந்தகிருஷ்ணனின் கையைப் பிடிக்கச் சொன்னதும் சந்தியாகு தன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"பிடிங்க அண்ணாச்சி. கபடியில கையைக் கோத்துத்தான் நிக்கணும்" என்றான் பியூன் சிராஜ்.

"மொதல்ல அவரை நீட்டச் சொல்லு."

சிராஜ் இரண்டடி நகர்ந்து அதை அனந்தகிருஷ்ணனிடம் சொன்னான். அவர் அதைக் கேட்டுவிட்டுக் கேட்காதவர்போல் வானத்தைப் பார்த்தார்.

"கையை அலம்பிண்டு வரச் சொல்லு."

சிராஜ் இரண்டடி நகர்ந்து அதைச் சந்தியாகுவிடம் சொன்னான். அவர்களுக்கு நடுவில் நின்று பேச்சைக் கொண்டுபோய்க் கொடுப்பது சிராஜுக்குப் புதிதல்ல. ஒரு வருஷமாக அதுதான் அவனுடைய முக்கியமான வேலை.

பம்பாய் சயானில் இருந்த அந்த மின்விசிறிக் கம்பெனியின் ஆபீசில், டெஸ்பாட்ச் செக்ஷனுக்கும் அக்கவுன்ட்ஸ் செக்ஷனுக்கும் சேர்த்து ஒரே ஒரு மின்விசிறி இருந்தது. காகிதம் பறக்கிறது என்று அக்கவுன்ட்ஸ்காரர்கள் அதை ஒன்றில் வைப்பார்கள். உயிர் போகிறது என்று டெஸ்பாட்ச்காரர்கள் நான்கில் வைப்பார்கள். ஒருநாள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திருகியதில் குமிழ் கழன்று கீழே விழுந்தது. அன்று நின்ற பேச்சு பிறகு தொடங்கவில்லை. டெஸ்பாட்சுக்குத் தலைவன் சந்தியாகு. அக்கவுன்ட்ஸுக்கு அனந்தகிருஷ்ணன்.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டரின் உத்தரவு வந்தது. விளையாட்டில் ஒற்றுமை வந்தால் வேலையில் தானே வரும். ஆகவே ஒவ்வொரு கிளையும் ஒரு கபடி அணி அமைக்க வேண்டும். பந்தயம் முடியும்வரை ஆட்டக்காரர்களுக்கும் மேனேஜருக்கும் லீவு கிடையாது. மேனேஜர் பருச்சா அதை எல்லோருக்கும் படித்துக்காட்டிவிட்டு ஏழு பேரைச் சொன்னார். டெஸ்பாட்சிலிருந்து நாலு பேர், அக்கவுன்ட்ஸிலிருந்து மூன்று பேர்.

சந்தியாகுவுக்குக் கபடி பிரச்சினையில்லை. இறுதி ஆட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் பிரச்சினை. அன்றுதான் அவனுக்கும் செம்பூர் அன்னமேரிக்கும் கல்யாணம். அதற்கடுத்த புதன்கிழமை தபசு காலம் பிறந்துவிடும். பிறகு ஈஸ்டர் வரை சாமியார் கல்யாணம் செய்து வைக்க மாட்டார்.

அவன் மேனேஜரின் அறைக்குப் போனான்.

"சார், எனக்கு முட்டிவலி. ஓட முடியாது."

பருச்சா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவன் முட்டியைப் பார்த்தார். "வலியோடு ஆட வருகிறாயா? அப்படியானால் நீதான் கேப்டன்."

"கோடவுன்ல காசிம்னு ஒருத்தர் இருக்காரு சார். குஸ்தி போடுறவரு. என் இடத்துல அவரைப் போட்டா..."

"தனி ஆள் பலம் வேண்டாம். ஒற்றுமைதான் வேண்டும் என்று டைரக்டர் எழுதியிருக்கிறார்."

"பைனல் அன்னிக்கு எனக்குக் கல்யாணம் சார்."

பருச்சா சிரித்தார். அவர் சிரித்து ஆபீசில் யாரும் பார்த்ததில்லை. "பைனலா? நீங்களா? போய்ப் பத்திரிகை அடி."

சந்தியாகுவும் போய்ப் பத்திரிகை அடித்தான்.

முதல் ஆட்டம் அம்பர்நாத் கிளையோடு. அம்பர்நாத்காரர்கள் ஏழு பேரும் கல்யாண் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் நின்றுபோன ரயிலுக்குள் இருந்தார்கள். நடுவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வந்திருந்த அணி ஜெயித்ததாக அறிவித்தார். சந்தியாகுவின் ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

இன்னும் ஒரு ஆட்டம்தான். அதிலும் ஜெயித்தால் பைனல்.

செய்தி செம்பூருக்குப் போய்விட்டது. அடுத்த நாள் அன்னமேரி மாதுங்கா ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். அவள் டெலிபோன் ஆபீசில் வேலை பார்ப்பவள். யாரையும் மூன்று நிமிஷத்துக்குமேல் பேச விடுவதில்லை.

"ஜெயிச்சிட்டீயளாமே?"

"நாங்க ஒண்ணும் செய்யலை அன்னம். சும்மா நின்னோம்."

"அப்பா என்ன சொல்லுதாவ தெரியுமா? கபடிக்காகக் கல்யாணத்தைத் தள்ளுறவன், நாளைக்குக் கோலிக்காகப் புள்ளையோட ஞானஸ்நானத்தைத் தள்ளுவானாம்."

"நான் எங்க தள்ளினேன்?"

"தூத்துக்குடி அத்தை மகன் கப்பல்லேர்ந்து லீவுல வந்திருக்காரு. அப்பா அவருக்கு நேத்து ஒரு தந்தி குடுத்தாச்சு. என்ன தந்தின்னு எங்கிட்டச் சொல்லலை." அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "தோக்கத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அச்சா. தோத்துட்டு வாங்க."

ஆனால் ஒருவன் மட்டும் தோற்க முடியாது. சந்தியாகு தோற்க நினைத்து, மற்ற ஆறு பேரில் யாராவது கௌரவத்துக்காக ஆடிவிட்டால் என்ன செய்வது? அன்று மதியம் அவன் எழுந்து ஆபீசின் நடுவே நடந்துபோய் அனந்தகிருஷ்ணனின் மேசை முன்னால் நின்றான். சிராஜ் பழக்கத்தில் ஓடிவந்து நடுவில் நின்றான்.

"நீ போ சிராஜ். நானே பேசிக்கிடுதேன்."

ஆபீஸ் முழுவதும் எழுதுவதை நிறுத்தியது.

சந்தியாகு எல்லாவற்றையும் சொன்னான். கோயிலில் கல்யாண ஓலை வாசித்தது, தபசு காலம், தூத்துக்குடித் தந்தி எல்லாம். அனந்தகிருஷ்ணன் பேனாவை மூடி வைத்தார்.

"நல்ல பொண்ணா ஓய்?"

"நல்ல பொண்ணு சார்."

"அப்போ தோத்துடுவோம். ஆனா டைரக்டர் வந்து பார்ப்பார். வேணும்னு தோத்தோம்னு தெரிஞ்சா ஏழு பேருக்கும் இன்க்ரிமென்ட் போயிடும். கணக்காத் தோக்கணும்."

கணக்காகத் தோற்பதற்குப் பயிற்சி வேண்டியிருந்தது. தினமும் மதியம் கோடவுனில் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு ஏழு பேரும் இறங்கினார்கள். யார் எப்போது வழுக்க வேண்டும், யார் யார்மேல் மோத வேண்டும், யார் பிடிப்பதுபோல் பாய்ந்து பிடிக்காமல் விட வேண்டும் என்று அனந்தகிருஷ்ணன் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். ஒருவர் கண்ணசைத்தால் அடுத்தவர் விழ வேண்டும். அதற்கு எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கையையும் கோத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் நாளே அக்கவுன்ட்ஸ் வேங்கடசுப்ரமணியன், டெஸ்பாட்ச் சூசைமாணிக்கத்துக்குத் தயிர்சாதம் கொடுத்தான். வார முடிவில் மின்விசிறி இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

"பாடிண்டே போறச்சே பாட்டை மட்டும் விட்டுடாதீர்" என்று அனந்தகிருஷ்ணன் எச்சரித்தார். "அது பச்சையாத் தெரியும். நடுவிலே போய் நில்லும். அவாளே பிடிச்சுப்பா."

இரண்டாவது ஆட்டத்துக்கு விக்ரோலிக் கிளையின் ஆட்கள், பைனலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லாரியில் வந்து இறங்கினார்கள். லாரி கொஞ்சம் உயர்ந்தது. சந்தியாகுவுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

டைரக்டர் பந்தலில் உட்கார்ந்தார். பக்கத்தில் பருச்சாவும் நிம்மதியாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் சொன்னபடி வழுக்கினார்கள். ஆனால் வேங்கடசுப்ரமணியன், பாடி வந்தவனுக்கு வழிவிடுவதற்காகப் பின்னால் நகர்ந்தபோது வேஷ்டி தடுக்கி அவன் காலடியிலேயே விழுந்தான். அந்த மலை அவன்மேல் விழுந்தது. புள்ளி நமக்கு.

"என்ன ஓய் பண்றீர்?" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"விழச் சொன்னேளே சார்."

"அவனுக்கு முன்னாடி விழச் சொல்லலையே."

அதைச் சரிசெய்ய சூசைமாணிக்கம் எதிராளியின் பக்கம் போய்ச் சும்மா நின்றான். இப்படி நிற்பவனிடம் ஏதோ சூது இருக்கிறது என்று விக்ரோலிக்காரர்கள் பின்வாங்கிப் பின்வாங்கி, இரண்டு பேர் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். புள்ளி நமக்கு. அனந்தகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார். டைரக்டர் கைதட்டினார். பருச்சா காலைக் கீழே இறக்கினார்.

எப்படியோ சமாளித்து, கடைசி நிமிஷத்தில் எட்டுப் புள்ளி பின்தங்கிவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு பாட்டு. சந்தியாகு போய்ப் பிடிபட்டுவிட்டால் முடிந்தது. மற்ற ஆறு பேரும் கண்ணால் விடைகொடுத்தார்கள்.

அவன் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே போய் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் அப்பால், ஆசீர்வாதம் வாங்குபவன்போல் குனிந்து நின்றான். கேப்டன் கையில் கிடைத்த சந்தோஷத்தில் விக்ரோலிக்காரர்கள் ஏழு பேரும் ஒரே பக்கத்திலிருந்து பாய்ந்தார்கள். ஒருவர் போதும். ஏழு பேர் பாய்ந்ததில் மொத்தக் குவியலும் நடுக்கோட்டை நோக்கி உருண்டது. அடியில் கிடந்த சந்தியாகுவின் கை மட்டும் வெளியே நீண்டு, கோட்டைத் தாண்டி விழுந்தது. குவியலுக்குள்ளிருந்து, அனந்தகிருஷ்ணன் கற்றுக்கொடுத்தபடி, இன்னும் "கபடி கபடி" கேட்டுக்கொண்டிருந்தது.

பாட்டு நிற்காமல் கோட்டைத் தொட்டுவிட்டால், தொட்டுப் பிடித்த எல்லோரும் அவுட். ஏழு பேருக்கு ஏழு. எதிர் அணி முழுவதும் அவுட்டானதற்கு மேலும் இரண்டு. ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டார்கள்.

சந்தியாகு மண்ணில் உட்கார்ந்து அழுதான். டைரக்டர் வந்து அவன் தோளைத் தட்டினார். "இதுதான் ஒற்றுமை" என்று பந்தலைப் பார்த்துச் சொன்னார். பந்தலில் பருச்சாவும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் அனந்தகிருஷ்ணன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வாங்கோ எல்லாரும். தோக்கத்தான் ஆடினோம்னு மேனேஜர்கிட்டே சொல்லிடுவோம். பைனல்லேர்ந்து எடுத்துடுவார். இன்க்ரிமென்ட் போனாப் போறது."

"நீங்க எதுக்கு சார்? நான் மட்டும் சொல்லுதேன்" என்றான் சந்தியாகு.

"சும்மா இரும். ஏழு பேரும் சேர்ந்துதானே ஜெயிச்சோம்."

ஏழு பேரும் மேனேஜர் அறை வாசலில் வரிசையாக நின்றார்கள். பழக்கதோஷத்தில் கை கோத்திருந்தார்கள். உள்ளேயிருந்து சிராஜ் வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

"இப்பப் போவாதீய. சாப் டைரக்டர்கிட்டப் போன்ல பேசுதாரு. உங்க ஏழு பேருக்கும் சின்னம்மையாம். ஞாயித்துக்கிழமை ஆட முடியாதாம். சாபுக்கும் சின்னம்மையாம், அதனால வர முடியாதாம்."

"அம்மையா?" சந்தியாகு தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "எங்க கல்யாணத்துக்காகவா சாப் இந்தப் பொய்யைச் சொல்லுதாரு?"

சிராஜ் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உங்க கல்யாணத்துக்கு இல்ல அண்ணாச்சி. அந்த ஞாயித்துக்கிழமைக்கு அவரு மேம்சாபோட மகாபலேஷ்வர் போவ எப்பவோ ரூம் எடுத்தாச்சு. மொத ஆட்டத்துலயே தோக்கணும்னுதான், இந்த ஆபீஸ்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காத ஏழு பேரா எங்கிட்ட விசாரிச்சு விசாரிச்சு எடுத்தாரு."