செப்புக் கம்பி சுற்றிய தூக்குவாளி

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.
புரட்டாசிக் கடைசி, செவ்வாய்க்கிழமை.

சிதம்பரத்தில் குடும்பத்தோடு சௌக்கியமாக வாழும் மச்சான் உத்திராபதிக்கு, உன் அக்காள் புருஷன் பொன்னுரங்கம் எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம். நீயும் சந்திரலேகாவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க உங்கள் ஊர் நடராசரும் எங்கள் ஊர் பாடலீசுவரரும் துணை நிற்கட்டும். உன் வீட்டில் தற்சமயம் தங்கியிருக்கும் மற்றவர்களும் சௌக்கியமாக இருக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கையில் போனை வைத்துக்கொண்டு மாமா கடிதம் எழுதுகிறாரே என்று நீ சிரிப்பாய். போன் என்பது ஒருவர் பேசினால் தெருவே கேட்கிற சாதனம் என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன். அன்று முதல் அது அரிசி டின்னுக்குப் பின்னால் கிடக்கிறது. பால் வாங்கக்கூடப் பின்பக்கச் சந்து வழியாகப் போய்வருகிறேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பார்த்தே செப்புக் கம்பிக் காயில் சுற்றக் கற்றவன் நான். எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எவனிடமும் தலைகுனிந்து நின்றதுமில்லை. இப்போது என் செருப்பைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் நடக்கிறேன். இதற்கெல்லாம் பாதிக் காரணம் நீ. எப்படி என்று கீழே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் அக்காள் லோகநாயகி உன்னிடம் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது, நடந்தது இதுதான். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என் பழைய சிநேகிதன் கண்ணாயிரம் சம்சாரத்தோடு வந்திருந்தான். லோகநாயகி இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் வைத்தாள். சிதம்பரத்துப் பெண், கொத்சு வைக்கிறாள், அதில் அதிசயம் இல்லை. கண்ணாயிரம் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இந்த மாரி கொத்சு நான் சாப்ட்டதே இல்ல தங்கச்சி" என்றான். எனக்கு மனதில் பட்டதை நான் சொன்னேன், "எல்லாம் சரிதான், புளி கொஞ்சம் ஜாஸ்தி" என்று. இது ஒரு அபிப்பிராயம். அத்தோடு விட்டிருக்கலாம். "இதை வெக்க என்ன பெரிய படிப்பா வேணும், காயில் சுத்தறவனுக்கு கொத்சு எம்மாத்திரம்" என்று ஒரு வார்த்தை கூட வந்துவிட்டது. அவள் ஒன்றும் சண்டை போடவில்லை. கைகழுவத் தண்ணீர் கொடுத்தாள், வந்தவர்களை வழியனுப்பினாள், "அப்ப இனிமே நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு பையை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் வந்துவிடுவாள் என்று நினைத்து நான் மாவுகூட அரைக்கவில்லை.

அவள் போனது தெருவுக்குத் தெரிந்ததும் பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. எதிர்வீட்டு பிரிசில்லா டீச்சர், முதுநகரில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டைத் தொக்கு வைத்து ஒரு சம்படத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வீட்டு மாரியம்மாள் மொச்சைக் காரக்குழம்பை ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. வம்பு அங்கே இல்லை. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பது உன் அக்காள் இந்த வீட்டில் வைத்திருக்கும் சட்டம், எங்கள் தெருவுக்கே அதுதான் சட்டம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பாள். நானும் சர்க்கரையைப் போட்டிருக்கலாம். ஆனால் கிண்ணத்தை நீட்டும்போதே மாரியம்மாள், "பாவம்ண்ணே, பட்டினியா கெடக்காதீங்க" என்றாள். பாவம் என்ற சொல் எனக்கு ஆகாது. "யாரு பட்டினி, நானே ஆக்கித்தான் சாப்புடறேன். உனக்கும் குடுத்தனுப்பறேன் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன வார்த்தைக்காகக் கத்திரிக்காயைக் குக்கரில் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குக்கர் கூப்பிட்டிருக்கும், எனக்குக் காதில் விழவில்லை. திறந்தபோது உள்ளே கத்திரிக்காய் இருந்ததற்கு அடையாளமாகக் காம்புகள் மட்டும் நின்றன. குக்கர் இப்போது கொல்லையில் ஊறுகிறது, இதை அவளிடம் சொல்லாதே. வேறு வழி தெரியாமல், டீச்சர் கொடுத்த தொக்கில் மிச்சமிருந்ததை மாரியம்மாள் கிண்ணத்திலும், மாரியம்மாள் கொடுத்த குழம்பை டீச்சர் சம்படத்திலும் ஊற்றி, நான் வைத்தது என்று இரண்டு வீட்டிலும் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு பேரும் வேறு வேறு வீடு, வேறு வேறு அடுப்பு, எப்படித் தெரியப்போகிறது என்று நினைத்தேன். மாரியம்மாள் புரட்டாசி மாதத்தில் கருவாட்டை மோந்துகூடப் பார்க்க மாட்டாள் என்பது உன் அக்காளுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை காலம் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், இதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவளும் என் மனம் நோகக் கூடாதே என்று வாங்கிக்கொண்டு, நேராக எதிர்வீட்டுக்குப் போய் டீச்சரிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் டீச்சர் பள்ளிக்கூடம் கிளம்பும்போது என் கேட்டருகே நின்றார்.

"அண்ணா, நீங்க வெச்ச தொக்குன்னு மாரியம்மா குடுத்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணா. அப்படியே நான் வெக்கிற மாதிரியே."

மச்சான், அந்தச் சொல்லிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அங்கேயே கும்பிட்டு உள்ளே போயிருக்கலாம். என் வாய் போக விடவில்லை.

"அப்படியா டீச்சர், நீங்களும் கருவாட்டை வறுத்துட்டுத்தான் போடுவீங்களா?"

"நீங்க சொல்லுங்கண்ணா, கத்துக்கறேன்."

நான் சொன்னேன். அவருடைய தொக்கை அவருக்கே சொல்லிக் கொடுத்தேன். வெங்காயம் வதக்குவதிலிருந்து ஆரம்பித்து, புளி கரைத்து ஊற்றுவது வரை வந்துவிட்டேன்.

"புளியா? நான் தக்காளி மட்டுந்தான்ணா போடுவேன், புளியே ஊத்தறதில்ல."

"அதான் டீச்சர், உங்களுது கொஞ்சம் மட்டா இருக்குது."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சிரிக்கவே இல்லை. பிறகு சொன்னார், "சிந்துஜாவுக்கு வேலை கெடச்சதுக்கு ஞாயித்துக்கெழமை காலையில தெருவுல எல்லாருக்கும் டிபன் போடறேன்ணா. இட்லியும் பொங்கலும் நாங்க பாத்துக்கறோம். கொத்சு மட்டும் உங்க கையால வெச்சுக் குடுத்துடுங்க." சிந்துஜா அவர் மகள், நல்ல பெண், அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறது. எப்படி மறுப்பேன்? இப்போது யோசித்தால் எல்லாம் தெரிந்துதான் கேட்டாரோ என்று தோன்றுகிறது.

சனிக்கிழமை வரை வைத்துப் பார்த்தேன். ஒன்று தண்ணீராக ஓடியது, ஒன்று கரண்டியோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஞாயிறு விடிகாலையில், வீட்டில் இருந்த பெரிய எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். கைப்பிடி உடைந்தபோது நான் செப்புக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றிக் கொடுத்தேனே, அந்த வாளி. கொத்சுக்குச் சிதம்பரத்தை விட்டால் எங்கே போவது? உன் வீட்டார் யார் கண்ணிலும் படக் கூடாது என்று துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரனிடம் நல்ல கொத்சு எங்கே என்று கேட்டதற்கு, "மேல வீதிக்குப் பின்னால ஒரு சின்னக் கடை, இப்ப கொஞ்ச நாளா அங்கதான் கூட்டம்" என்றான். போனேன். வரிசையில் நின்று, "இட்லி வேணாம், கொத்சு மட்டும்" என்று வாளியை நீட்டினேன். உள்ளே எடுத்துப் போனார்கள். தளும்பத் தளும்ப வந்தது. கடைக்காரன் தாராளமானவன் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியில் வாளி. பக்கத்தில் இருந்தவர் ஆலப்பாக்கம் வரை பொறுத்துப் பார்த்தார்.

"பெரியவரே, உள்ள என்னாங்க?"

"மோட்டார் ஆயிலு."

"எந்தக் கம்பெனிங்க? பெருங்காயமெல்லாம் போட்ருக்கான்."

டீச்சர் வீட்டு வாசலில் பந்தி. நான் பெரிய மனுஷனாக நின்று கொத்சைப் பரிமாறினேன். தெருவே புகழ்ந்தது. மாரியம்மாள் ஒரு வாய் வைத்தாள், இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணே, இது எங்க லோகநாயகி அக்கா கொத்சாட்டமே இருக்குது" என்றாள். நான், "அவளுக்கே நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன்" என்றேன். அதற்குள் மாரியம்மாள் போனை எடுத்து உன் அக்காளுக்கு அடித்துவிட்டாள் என்பதும், அதை எல்லாரும் கேட்கும்படி போட்டுவிட்டாள் என்பதும் எனக்குத் தெரியாது.

"அக்கா, அண்ணன் சொன்னது கேட்டுச்சா?"

போனில் உன் அக்காள் குரல், சாந்தமாக:

"கேட்டுச்சு மாரி. அவுரு சொல்லிக் குடுத்ததேதான். அதான் நான் ஒழுங்கா வெக்கிறேனான்னு பாக்க, மூஞ்சில துண்டைச் சுத்திக்கிட்டு காலையில இங்க வந்துட்டுப் போனாரு. மூஞ்சி தெரியல, வாளி தெரிஞ்சுது. அந்தக் கம்பியை ஊருல வேற யாரு அப்படிச் சுத்துவா? நாந்தான் ரெண்டு கரண்டி கூட ஊத்தி அனுப்பினேன். வழியில சிந்தாம கொண்டாந்தாரான்னு கேளு."

அந்தக் கடையின் சமையல்காரர் நின்றுவிட்டதால் காலை நேரத்தில் உன் அக்காள் அங்கே கொத்சு வைக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரு முழுக்கச் சிரிப்பு. பிரிசில்லா டீச்சர் மட்டும் சிரிக்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பில்கூட எனக்கு அவ்வளவு வெட்கமில்லை. அதற்குப் பிறகு போனில் அவள் கேட்டாள், "புளி சரியா இருக்கான்னு கேட்டுச் சொல்லு மாரி" என்று. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை, சரியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவள் சாயங்கால பஸ்ஸில் வந்திருப்பாள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"கொஞ்சம் ஜாஸ்தி."

போன் கட்டாகிவிட்டது. யாரும் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. எனக்கு இட்லி வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

ஆகையால் மச்சான், நான் கேட்பது இதுதான். உன் அக்காள் கடையில் கொத்சு வைக்கிறாள் என்று நீ எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு கடைக்குப் போயிருப்பேன், இவ்வளவு அவமானமும் இல்லை. இது உன் குற்றம். அவளை வரச்சொல்லி நான் கேட்கவில்லை. நான் அங்கே வருவதாகவும் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னதற்காக வருத்தம் தெரிவிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. புளி விஷயத்தில் என் அபிப்பிராயம் அன்று சொன்னதுதான், இன்றும் அதுதான். சாப்பாட்டுக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது, ரொம்பவே அமைதியாக இருக்கிறது.

சந்திரலேகாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெரியவர்கள் பேச்சைக் கேட்டு, வாயை அடக்கப் பழகி, நீடூழி வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மாமா,
கோ. பொன்னுரங்கம்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தில் தபால் தலை இல்லாததைப் பார்த்திருப்பாய். நானே கொண்டுவந்து உன் கதவிடுக்கில் செருகியிருக்கிறேன். எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன், துண்டு சுற்றவில்லை. உன் வாசற்படியில் அந்தத் தூக்குவாளி இருக்கும். அவள் நிரப்பிக் கொடுத்த பாத்திரம், வெறுமனே திருப்பித் தரக் கூடாது. உள்ளே இருப்பது நேற்று நான் வைத்த கொத்சு, வேறு யாரும் வைத்ததில்லை, வாயில் வைத்தால் உனக்கே தெரியும். முதலில் என் கணக்குக்குப் புளியைக் குறைத்து வைத்தேன், விளங்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கரைத்து ஊற்றி, அவள் ஊற்றுகிற அளவுக்கு வந்த பிறகுதான் அது கொத்சானது. இதை நீ சொல்ல வேண்டாம். வாளியை அவள் கையில் கொடுத்து, புளி சரியா இருக்கான்னு மாமா கேக்கறாரு என்று மட்டும் சொல். எந்தப் பதில் சொன்னாலும் எதிர்த்துப் பேச மாட்டேன். வாளியை மட்டும் உன்னிடமோ பிள்ளைகளிடமோ கொடுத்தனுப்ப வேண்டாம். அவளே எடுத்துக்கொண்டு வரட்டும், கடலூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.