கிளாக்கர் ஐயா கேப்போ பூட்டிய காதை

வாழி, நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்துக் கணக்குக் கந்தோர்க் காவலன்! வாழி, மைதோய் விரலன், வகிடு கலையாத் தலையன், பண்டாரவளையிலிருந்து பஸ் கூரையேறி வந்த ஆறுநரம்புக் கிட்டாரின் தனிப்பெரு நாயகன், பெரிய கிளாக்கர் ஸ்ரீஸ்கந்தராஜா! மூன்றே விரற்பிடி கற்று, முந்நூறு பாட்டுக்கும் அவற்றையே வாரி வழங்கிய அவ்வள்ளலை வணங்கித் தொடங்குவோம். என்ன செய்வது, இந்தக் கதைக்கு வாய்த்தவர் அவர்தான்.

அம்மூன்று பிடிக்குள் அடங்காத குரல்களும் உலகில் உண்டென்று தெரிந்த அன்றே, கொழும்பிலிருந்து தபாலில் தருவித்தார் கேப்போ என்னும் படைக்கலத்தை. கிட்டாரின் கழுத்தைக் குறுக்கே கவ்வி ஆறு நரம்பையும் ஒருசேர அமுக்கும் அவ்விரும்புக் கவ்வியைப் படிப்படியாக வயிற்றுப் பக்கம் தள்ளத் தள்ளச் சுருதி உயரும். விரல்களோ பழைய மூன்று பிடியிலேயே பள்ளிகொள்ளலாம். சோம்பலுக்கு இப்படியொரு கவசத்தை எந்தக் கொல்லன் செய்தானோ!

ஐம்பத்தாறாம் ஆண்டுப் பொங்கலன்று, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நடந்த கச்சேரியில், தோட்டத்துக்கு மருந்து கலக்கும் டிஸ்பென்சர் கனகசபையின் ஆர்மோனியத்தை மூலைக்கு ஓட்டிவிட்டு, பேனாவுக்கு மேல் பாரம் தூக்கியறியாத அப்பெருந்தோளர் சபையறிய வஞ்சினம் கூறினார்: "மாரியாயி பாடி எந்தச் சுருதிக்குப் போனாலும் இந்தக் கிட்டார் விடாது. விட்டால், அண்ணையின்ர ஆர்மோனியப் பெட்டியை நானே தலையில வைச்சு டிஸ்பென்சரி வரைக்கும் சுமப்பன்."

கொழுந்தெடுக்கும் மாரியாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாடத் தொடங்கினாள். முதல் அடுக்கில் கிட்டார் குரலைப் பிடித்துக்கொண்டது. கோட்டை பிடித்த கொற்றவன்போல் கனகசபையைக் கடைக்கண்ணால் நோக்கினார் ஐயா. ஆனால் அது மலைப்பாட்டு. கீழ் நிரையில் எடுத்த பாட்டை, மேல் நிரையில் கொழுந்தெடுப்பவளுக்கு எட்டும்படி அடுக்குக்கு அடுக்கு உயர்த்துவதே அவர்கள் வழக்கம், அடுக்குகளோ ஏழு. இரண்டாம் அடுக்கில் குரல் ஏறிற்று. பெண்கள் கைதட்டிக் கடைசி வரியை மடக்கிப் பாடும் இடைவேளைக்குள், திருகைத் தளர்த்தி, கேப்போவை மூன்று படி தள்ளி, முறுக்கி, வியர்வை துடைத்து நிமிர்ந்தால், அவள் அடுத்த அடுக்கில் நின்றாள். மறுபடி தளர்த்தி, மறுபடி தள்ளி, யானை புகுந்த கரும்புத் தோட்டத்துக்கு வேலியடிப்பவன்போல் அவர் நான்காம் அடுக்குவரை அல்லாடி, ஈற்றில் கையுயர்த்தி, ஒரே இடத்தில் நின்று பாடுமாறு ஆணையிட்டார்.

"மேல் நெரைக்காரிக்குக் கேக்கணுமில்லீங்களா ஐயா," என்றாள் மாரியாயி. "நின்னா, பாட்டு பாதி மலையிலயே நின்னுருங்க."

ஐந்தாம் அடுக்கில், கழுத்து வயிற்றோடு சேரும் எல்லையில் போய் முட்டியது கேப்போ. மிச்சமிருந்த ஒரு சாண் நரம்பில், பதுளை பஸ்ஸின் பின் சீட்டில் நெருக்கியடிக்கும் பயணிகள்போல் அவர் விரல்கள் ஒன்றையொன்று மிதித்தன. எழுந்ததோ கொசுவின் முனகல்.

கனகசபை உளுந்துவடையை மென்று விழுங்கிவிட்டு மெல்லக் கேட்டார்: "தம்பி, கழுத்து முடிஞ்சுது. இனி எங்க பூட்டப் போறீர், வயித்திலயோ?"

கைதட்டு ஒன்றே துணையாக, மாரியாயி மீதி இரண்டு அடுக்கையும் ஏறி முடித்து மலையுச்சியில் பாட்டை நிறுத்தினாள். விண்ணவர் மலர்மாரி பொழியவில்லை, முரசம் அதிரவில்லை. மூலையிலிருந்த பெட்டியை நாலு பேர் நடுச்சபைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். மாரியாயி தன் தலைத்துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, இரு கையாலும் மரியாதையோடு நீட்டினாள். மைதோய் விரலர், வகிடு கலையாத் தலையர், வஞ்சினம் தவறா மறவர், அதை வாங்கி உச்சியிலே சூடிக் குனிந்தார்.

ஆர்மோனியப் பெட்டி நல்ல கனமாக இருந்தது.