ஜன்னல் வழியே போன தட்டு

ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுக்காமல் சட்டையைத் துவைக்கப் போட்டதுதான் இமாஃபிடன் செய்த தப்பு.

"கொலஸ்ட்ரால் இருநூத்தி எழுபது இருந்தது, இப்ப நூத்தி எண்பதா?" மனைவி உவாய்லா சீட்டை உதறினாள். "சர்க்கரை இறங்கிடுச்சு, பிரஷர் இறங்கிடுச்சு. என்ன இமா பண்ணின?"

மூன்று மாதம் முன்பு, லாகோஸில் பயிற்சி என்று சொல்லிப் போய், உடம்பு எடை குறைக்கும் ஆபரேஷனில் முக்கால் இரைப்பையை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். உவாய்லாவின் அண்ணன் ஆபரேஷன் அறைக்குள் போய்த் திரும்பாதவன். "உன் மேல கத்தி படக்கூடாது" என்று இவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இருபது வருஷத்தில் அவர் மீறிய ஒரே சத்தியம் அது. மனுஷர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

"கசப்பிலைச் சாறு குடிச்சேன்," என்றார், வாய்க்கு வந்ததை.

சாப்பாட்டையும் அப்படித்தான் சமாளித்து வந்தார். தினமும் தட்டில் இடித்த கிழங்கு மலையாக வரும். சமீபமாக வடக்கத்தியார் சாப்பிடும் துவோ என்ற அரிசிக் களிகூட வந்தது. ஓரத்தில் சின்னக் கிண்ணத்தில் மசித்த மீன். அதில் மூன்று கரண்டியோடு வயிறு நிரம்பிவிடும். பெனின் சிட்டியில் பெண்டாட்டி போட்டதை மிச்சம் வைத்துவிட்டு எந்தப் புருஷன் நிம்மதியாக இருந்திருக்கிறான்? தட்டு ஜன்னல் வழியே வடக்கத்திக் காவல்காரர் கார்பாவிடம் போய், காலியாகத் திரும்பும்.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் பதினொரு பெண்கள் வீட்டு முற்றத்தில் கூடிவிட்டார்கள். எல்லாம் உவாய்லா சொல்லித்தான்.

"எத்தனை இலை, பிரதர்?"

"ஒரு... பத்து."

"பச்சையாவா, கொதிக்க வெச்சா?"

"பாதி பாதி."

சிஸ்டர் கம்ஃபர்ட் ஒரு செம்பு நிறையச் சாறு கொண்டுவந்திருந்தாள். "முதல்ல நீங்க குடிச்சுக் காட்டுங்க. நான் இன்னையோட கொழுப்பு மாத்திரையை நிறுத்தப் போறேன்."

இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவது வாய் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. போன வருஷம் நெஞ்சுவலியில் கிடந்து பிழைத்தவள் கம்ஃபர்ட். இமாஃபிடனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"மாத்திரையை நிறுத்தாதீங்க சிஸ்டர்! இலையுமில்ல, சாறுமில்ல. வயித்தை வெட்டிக்கிட்டேன்!" உவாய்லாவைப் பார்த்தார். கண் கலங்கியது. "சொன்னா நீ பயந்துடுவேன்னு மறைச்சேன். மன்னிச்சிடு."

உவாய்லா முன்னால் வந்து, தன் தலைத்துணியால் அவர் மோவாயைத் துடைத்தாள்.

"வெயில்ல நிக்காத, உள்ள வா," என்றாள். அவ்வளவுதான்.

அந்த அமைதிதான் அவருக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

"கார்பா, கோவிச்சுக்காத. உண்மை தெரிஞ்சுடுச்சு. இனிமே அவ எனக்கு அவ்வளவு போடமாட்டா. உனக்குத் தட்டு வராது."

கார்பா குழப்பமாகப் பார்த்தார்.

"எப்படி முதலாளி வராம போகும்? நாளைக்கு உனக்கு என்ன சமைக்கட்டும்னு அம்மா இப்பதான் என்கிட்ட கேட்டுட்டுப் போனாங்க. மூணு மாசமா தினமும் கேக்கறாங்களே!"