சிவப்பு நாடா ஒட்டிய மான் கறி

அன்புள்ள லொரெய்ன் அக்காவுக்கு,

தம்பி நார்பர்ட் வணக்கத்துடன் எழுதுவது. நானும் மார்லிஸும் நலம். அரிசோனா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே விஸ்கான்சினில் வேலிக் கம்பத்தின் பாதி வரை பனி. மற்றபடி கர்த்தர் கிருபையால் ஒரு தொந்தரவும் இல்லை, நம் தம்பி லீராயைத் தவிர.

இந்த வருஷம் மான் ஏகத்துக்குப் பெருகிவிட்டது. சோளமெல்லாம் போச்சு என்று விவசாயிகள் கத்திய கத்தலில், பெட்டை மான் சுட ஆளுக்கு நாலு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார்கள். நான் முப்பத்தாறு வருஷமாகக் கொம்பு மானைத் தவிர வேறெதையும் குறிபார்த்ததில்லை, உனக்கே தெரியும். லீராய்க்கு அந்த ரோஷமெல்லாம் கிடையாது. நாலு பெட்டையைச் சுட்டு, நாலையும் டுவேனின் கறிக்கடையில் இறக்கி, "இல்லாதவங்களுக்குக் குடுத்துருப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். டுவேன் வருகிற மானையெல்லாம் ஒன்றாகக் கொத்துக்கறியாக்கி சர்ச்சின் கீழ்த்தளத்துக்கு அனுப்புவார். காகித ஆலை மூடியதிலிருந்து சனிக்கிழமைதோறும் அங்கே இலவசச் சாப்பாட்டுப் பொருளுக்கு வரிசை நிற்கிறது. எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு யாரிடம்? என் பெண்டாட்டியிடம்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் லீராய் புராணம்தான்.

"லீராய் மனசு யாருக்கு வரும்! கோல்டி வீட்டுப் புள்ளைங்க ரெண்டு மாசமா கறியையே பாக்கலையாம். பொட்டலத்தை வாங்கிட்டு அழுதுட்டா."

"ஏன், நான் ஒண்ணுமே பண்ணலையா?"

"பண்ணுனியே, சுவரு பூரா கொம்பு மாட்டி வெச்சிருக்கியே. வேக வெச்சா வேகுமா அது?"

எனக்கு வயிறு எரிந்தது அக்கா. பொறாமை என்பாய். ஆமாம், பொறாமைதான். சின்ன வயசில் கடைசி உருளைக்கிழங்கு அவன் தட்டில் விழும்போதெல்லாம் வந்த அதே பொறாமை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மார்லிஸ் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

சீசனின் கடைசி ஞாயிறு காலை காட்டில் வேட்டைப் பரணில் ஏறினேன். லீராய் பக்கத்துப் பரணில். எட்டு மணிக்கு ஒரே தோட்டா, கொழுத்த பெட்டை சாய்ந்தது. டுவேனிடம் கொண்டுபோய், "இதை மத்ததோட கலக்காதே, தனியா அரை" என்றேன். "கொத்துக்கறியில என்னய்யா உன் கறி, என் கறி?" என்று சிரித்தார். நான் விடவில்லை. நாற்பத்தோரு பொட்டலம். ஒவ்வொன்றிலும் 'நார்பர்ட் கொடுத்தது' என்று என் கையால் எழுதி, பளிச்சென்று இருக்கட்டுமே என்று அவர் மேசையில் கிடந்த சிவப்பு நாடாவை எடுத்து ஒட்டினேன். மானுக்கு நோய் உண்டா என்ற சோதனை முடிவு வரும்வரை நிறுத்திவைக்கும் கறிக்குத்தான் அந்த நாடா என்று ஊரில் கொடுக்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். இரண்டுமாக இல்லாத எனக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பாராட்டு வந்தால் வாங்கிக்கொள்ள வசதியாகப் படியோரம் நின்றேன். ஒவ்வொருவரும் பொட்டலத்தைத் தொட்டார்கள், என் பெயரைப் படித்தார்கள், திரும்ப வைத்துவிட்டு பீன்ஸ் டப்பாவை எடுத்துக்கொண்டார்கள். சோதனையில் சுத்தம் என்று வந்த தாளை மார்லிஸ் தூக்கிக் காட்டியும் ஒருவரும் நம்பவில்லை. நாடாவைப் பிய்த்தால் காகிதமும் சேர்ந்து கிழிந்தது.

"தப்பா நெனைக்காதீங்க நார்பர்ட், புள்ளைங்க இருக்கிற வீடு" என்று கோல்டி வெறும் பையோடு திரும்பினாள். அன்று வேறு கறி கிடையாது; என் பெயர் போட்ட பொட்டலத்தைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் கறியில்லாமல் போகிறார்கள்.

அப்போது லீராய் வந்தான். ஒரு பார்வை பார்த்தான். ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சர்ச் சமையலறைக்குப் போய், வெங்காயம் போட்டு வதக்கி, சட்டியோடு கொண்டுவந்து வரிசைக்கு முன்னால் நின்று தின்றான்.

"அண்ணன் அடிச்ச மானு, வெண்ணெய் மாதிரி இருக்கு! நான் விழுந்தா என் டிரக்கை நீங்க எடுத்துக்குங்க."

சிரித்தார்கள். "லீராயே தின்னுட்டாரு, ரெண்டு குடும்மா" என்று கை நீண்டது. பதினைந்து நிமிஷத்தில் நாற்பதும் காலி. திரும்பி வந்த கோல்டி மூன்று வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள், லீராய்க்கு! மார்லிஸ் அவன் கன்னத்தைத் தட்டி, "உன்ன மாதிரி ஒருத்தன் வேணும்டா ஊருக்கு" என்றாள். மான் என்னுடையது, பெயர் என்னுடையது, புகழ் அவனுக்கு. நீயே சொல், இது அடுக்குமா? கிறிஸ்துமஸுக்கு அவன் என் வாசற்படி ஏறக் கூடாது.

மாமாவுக்கு என் அன்பைச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் சுகமாக வைத்திருக்கட்டும்.

மனம் நொந்த தம்பி,
நார்பர்ட்

பி.கு: கர்த்தர் பெயரை எழுதிய பிறகு உறையை ஒட்டக் கை வரவில்லை. என் தோட்டா ஒரு பைன் மரத்தில் இருக்கிறது அக்கா. மானைச் சுட்டது லீராய். சேர்ந்து வேட்டைக்குப் போனால் ஒருவன் சீட்டுக்கு இன்னொருவன் சுடுவது இங்கே வழக்கம்தானே. "உன் சீட்டுலயே இருக்கட்டும்ணே, நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று காட்டிலேயே சொன்னான். திறக்கவும் இல்லை, தின்பதற்குத் தவிர. நாற்பத்தோரு பொட்டலத்திலும் என் பெயரைப் பார்த்த பிறகும் வரிசைக்கு முன்னால் 'அண்ணன் அடிச்ச மானு' என்றுதான் சொன்னான். கிறிஸ்துமஸுக்கு அவனைக் கூப்பிட்டுவிட்டேன். எனக்கு ஒரு நாள்கூட அப்படி வாயை மூடிக்கொண்டு இருக்க வராது. அதை நினைத்தால்தான் இப்போது இன்னும் அதிகமாக எரிகிறது.