வெந்நீருக்கு உன் அக்காவைக் கண்டால் பயம்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சுகம். உன் வீட்டிலும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு நாங்கள் வாங்கிய படகு மட்டும் அவ்வளவு சுகமாக இல்லை.

முப்பத்திரண்டு வருடம் ஆவண அறையில் குப்பை கொட்டியவன் நான். எதைக் கண்டாலும் சீட்டு எழுதி ஒட்டாவிட்டால் தூக்கம் வராது. ஆகவே முதல் நாளே படகின் வயிற்றுக்குள் தவழ்ந்து போய், பதினான்கு வால்வுகளைக் கண்டுபிடித்து, எல்லாவற்றுக்கும் எண் போட்டு ஒட்டி, அதோடு வந்த விளக்கப் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டுப் பத்திரமாக உன் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்ப ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம் ஆகியும் நிரம்பவில்லை. எவ்வளவு பெரிய தொட்டி என்று எனக்கு ஒரே பூரிப்பு. பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்தார். "சார், தொட்டிக்குப் போற குழாய் கழண்டு கிடக்குது. தண்ணி அடியில கொட்டுது, பம்பு அதை வெளியே தள்ளுது. ரெண்டு மணி நேரமா நீங்க கடலுக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கீங்க" என்றார். குனிந்து பார்த்தால் என் சீட்டுகள் பதினான்கும் உரிந்து மிதக்கின்றன. நினைவை நம்பி மறுபடி ஒட்டினேன். சமையலறைக் குழாய்க்கென்று நாலாம் எண்ணைத் திறந்தேன்; கழிப்பறைக் கோப்பையில் கடல் தண்ணீர் ஏறி வழிந்தது. அன்று முழுக்க உன் அக்கா துடைத்துத் தள்ளினாள். மறுநாள் வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் வந்து குழாயைத் திறந்தா வெந்நீர் வரணும். இல்லேன்னா படகை வித்துடுவோம்."

இப்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது மச்சான், வெந்நீர் உட்பட. காலையெல்லாம் ஆவி பறக்க வருகிறது. மதியம் உன் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு கேபின் படியிறங்கி வந்து கையை நீட்டினால் பச்சைத் தண்ணீர். அவள் கரையேறிப் போன கொஞ்ச நேரத்தில் மறுபடி சூடு. ஐந்து நாளாக இதே கதை. படகுக்கே அவளைக் கண்டால் பயம் போலிருக்கிறது. அதில் படகை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தப் படகை விற்க எனக்கு மனசே வரவில்லை. ஞாயிறன்று நீ வந்து அவளிடம் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நீ சொன்னால் கேட்பாள்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். கடிதத்தைத் தபாலில் சேர்க்க உன் அக்காவிடமே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் மூழ்காத உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுகிறேன். உறையை ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். வால்வு பதினான்கு இல்லை, பதினைந்து. வெந்நீருக்கான கடைசி ஒன்று கேபின் படிக்கட்டுக்குக் கீழே இருப்பதாகப் புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறது. வரும்போது மூடுகிறேன், போகும்போது திறந்துவிடுகிறேன். ஓய்வுபெற்று மூன்று மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. இப்போது விடிந்தால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கிளம்புகிறார். என் மசாலா டப்பாக்களுக்கு எண் போடுவதையும் நிறுத்திவிட்டார். படகையாவது, விற்பதாவது. நீ வந்து எதையும் உளறி வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் வரும். திங்கட்கிழமை விளக்கு எரியாது.